தெர்மல் பேஸ்ட் மாற்றினால் மடிக்கணினியின் சூடு உண்மையில் எவ்வளவு குறையும்?

#1 நெல்லைச்சீமை

அனைவருக்கும் வணக்கம். 2018இல் வாங்கிய 14 அங்குல மடிக்கணினி ஒன்றை இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். உள்ளே இருப்பது இன்டெல் ஐ5-8250யூ ப்ராசஸர். நான்கு கோர், 15 வாட் வகை. கணக்கு வேலைக்கும் கடிதப் போக்குவரத்துக்கும் இது போதுமானதாகவே இருந்தது. ஆனால் இந்தக் கோடையில் காணொளி அழைப்பைத் தொடங்கினாலே விசிறி இரைகிறது. பத்து நிமிடம் கழிந்ததும் சுட்டியை நகர்த்துவதுகூடத் தடுமாறுகிறது. வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளை நிறுவிப் பார்த்தபோது, அது 97 டிகிரி செல்சியஸுக்கு ஏறி அங்கேயே நிற்பது தெரிந்தது.

பழுதுபார்க்கும் கடை ஒன்றில் விசாரித்தேன். ப்ராசஸருக்கும் அதன் சூட்டை வாங்கும் உலோகத் தகட்டுக்கும் இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும் என்றும், மாற்றினால் 30 டிகிரி குறையும் என்றும் உறுதியாகச் சொன்னார்கள். கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல் 30 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இதை நானே செய்ய முடியுமா, எந்த பேஸ்டை வாங்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 விசைப்பலகை

தாராளமாக நீங்களே செய்யலாம். பேஸ்ட் வாங்கும்போது குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் வெப்பக் கடத்துதிறன் எண்ணை மட்டும் பாருங்கள். சாதாரண பேஸ்டில் 4 அல்லது 5 இருக்கும். தெர்மல் கிரிஸ்லி கிரையோநாட் என்ற பேஸ்டில் 12.5 என்று போட்டிருப்பார்கள். எண் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது. ஒருமுறை செய்வதை நல்ல சரக்கை வைத்தே செய்துவிடுங்கள்.

#3 ஈயப்பற்று

விசைப்பலகை சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதியை, குழாயின் மேல் இருக்கும் அந்த எண்ணைக் கொண்டே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

மடிக்கணினியில் ப்ராசஸரின் மேல் உலோக மூடி கிடையாது; சிலிக்கான் சில்லு வெறுமையாகவே இருக்கும், அதன்மேல் செப்புத் தகடு வந்து அமரும். நெல்லைச்சீமையின் சில்லு ஏறக்குறைய 120 சதுர மில்லிமீட்டர் பரப்புடையது. இடையில் பேஸ்ட் 0.05 மில்லிமீட்டர் தடிமனுக்குப் படிந்திருப்பதாகவும், அதன் கடத்துதிறன் 5 என்றும் வைத்துக்கொள்வோம். 15 வாட் வெப்பம் அந்தப் படலத்தைக் கடக்கும்போது கீழ்ப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் இடையே உண்டாகும் வேறுபாடு 1.25 டிகிரி. கடத்துதிறனை 10 ஆக்கினால் அது 0.6 டிகிரியாகும். பல மடங்கு விலை கொடுத்து நாம் வாங்குவது வெறும் அரை டிகிரிதான்.

அப்படியானால் பேஸ்டே தேவையில்லையா என்று கேட்கக் கூடாது. அந்த இடைவெளியில் பேஸ்டுக்குப் பதில் காற்று நின்றால் கதை தலைகீழாகிவிடும். காற்றின் கடத்துதிறன் 0.026 மட்டுமே, மலிவான பேஸ்டைவிடக்கூட அது இருநூறு மடங்கு மோசமானது. ஆகவே பழைய பேஸ்ட் காய்ந்து வெடித்தோ, ஓரத்துக்கு ஒதுங்கியோ சில்லின் ஒரு பகுதியை வெறுமையாக விட்டிருந்தால், மாற்றியவுடன் பெரிய பலன் தெரியும். பேஸ்ட் நல்ல நிலையில் இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்ததை வைத்தாலும் பலன் தெரியாது. 30 டிகிரி குறைந்ததாகச் சொல்பவர்களும், ஒன்றுமே குறையவில்லை என்பவர்களும் இருவருமே பொய் சொல்லவில்லை. அவர்கள் கழற்றிய பேஸ்டின் நிலைதான் வேறு.

இன்னொன்று. இந்த ப்ராசஸருக்கு இன்டெல் குறித்திருக்கும் உச்ச வரம்பு 100 டிகிரி. அதை நெருங்கியதும் அது தன் வேகத்தையும் மின்சாரத்தையும் தானே குறைத்துக்கொள்ளும். எனவே உங்கள் 97 டிகிரி என்பது பாதி உண்மையைத்தான் சொல்கிறது. அந்த நேரத்தில் ப்ராசஸர் எத்தனை வாட் எடுத்தது, அறையின் வெப்பநிலை என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மார்கழியில் எடுத்த அளவையும் அக்கினி நட்சத்திரத்தில் எடுத்த அளவையும் அப்படியே ஒப்பிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

#4 நெல்லைச்சீமை

ஐயா, நீங்கள் சொன்னபடியே இன்று மாலை அளந்தேன். எல்லா கோர்களுக்கும் முழு வேலை கொடுக்கும் சோதனையை 20 நிமிடம் ஓட விட்டேன். அறை வெப்பநிலை 33 டிகிரி. ப்ராசஸர் 97 டிகிரியில் நின்றது. எடுத்த மின்சாரம் 11 வாட். 15 வாட் எடுக்க வேண்டியது 11இலேயே நின்றுவிட்டது என்பதைப் பார்த்த பிறகுதான், கணினி ஏன் இழுத்து இழுத்து ஓடுகிறது என்பது புரிந்தது.

#5 ஈயப்பற்று

நல்லது. இப்போது 97இலிருந்து 33ஐக் கழித்து 11ஆல் வகுத்தால், ஒரு வாட்டுக்கு 5.8 டிகிரி என்று கிடைக்கிறது. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனி நாம் குறைக்க வேண்டியது இதைத்தான். முதலில் பேஸ்டில் கை வைக்காமல் விசிறியையும் காற்று வெளியேறும் இழைத் தகடுகளையும் மட்டும் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டால் எது பலன் தந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

#6 பஞ்சுநகரம்

தூசி என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். துணி வெட்டும் இடமும் எங்கள் அறையும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் காற்றில் எப்போதும் பஞ்சு மிதக்கும். எங்கள் மடிக்கணினிகளைத் திறந்தால் விசிறிக்கும் இழைத் தகடுகளுக்கும் இடையில் பஞ்சு படிந்து, கம்பளித் துண்டு போல ஒரே திரையாக இறுகியிருக்கும். விசிறி நன்றாகச் சுற்றும், சத்தமும் வரும், ஆனால் வெளியே காற்று வராது. வெளியிலிருந்து ஊதினால் அந்தத் திரை அசைவதில்லை. விசிறியின் மூடியைக் கழற்றி, இடுக்கியால் பிடித்து எடுத்தால் முழுதாக உரிந்து வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறோம். ஏழு ஆண்டுகளில் பேஸ்ட் மாற்றியது இரண்டு கணினிகளுக்கு மட்டுமே.

ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு குச்சியால் தடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது கட்டுக்கு மீறிச் சுழன்றால் தாங்கி தேய்ந்துவிடும்.

#7 விசைப்பலகை

ஈயப்பற்று ஐயாவின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அது 15 வாட் கணினிக்கு. என்னுடையது விளையாட்டுக்கான மடிக்கணினி. ப்ராசஸர் மட்டும் 90 வாட் வரை எடுக்கும். அதற்குப் பேஸ்ட் மாற்றியபோது 9 டிகிரி குறைந்தது. அதனால்தான் உயர்ந்த ரகத்தைப் பரிந்துரைத்தேன்.

#8 ஈயப்பற்று

உங்கள் அனுபவம் கணக்கோடு ஒத்துப்போகிறது. 90 வாட், 200 சதுர மில்லிமீட்டர் சில்லு, அதே தடிமன் என்று வைத்தால், கடத்துதிறன் 5 உள்ள பேஸ்டில் வேறுபாடு 4.5 டிகிரி, 10 உள்ளதில் 2.25 டிகிரி. ரகத்தால் வந்தது இரண்டு டிகிரிக்குச் சற்றே அதிகம். மீதி ஏழு டிகிரிக்கு அருகில் வந்தது பழைய பேஸ்ட் விட்டிருந்த வெற்றிடம் நிரம்பியதால் என்றே கொள்ள வேண்டும். உங்கள் வகைக் கணினிக்கு நல்ல பேஸ்ட் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி கடத்துதிறன் எவ்வளவு என்பதைவிட, அது எத்தனை மாதம் இடத்தில் நிற்கும் என்பதே.

#9 வலிகாமத்தான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஐயா கடைசியாகக் கேட்ட கேள்விதான் என் பிரச்சினையாக இருந்தது. நான் படத்தொகுப்பு வேலைக்குப் பாவிக்கும் மடிக்கணனிக்கு இளக்கமான பேஸ்ட் ஒன்று பூசினேன். முதல் நாள் 82 பாகை. மூன்று மாதத்தில் 93 பாகை. கழற்றிப் பார்த்தபோது சில்லின் நடுப்பகுதி துடைத்து விட்டது போல வெறுமையாகவும், பேஸ்ட் முழுவதும் சுற்றிவர ஓரத்தில் ஒதுங்கியும் கிடந்தது. பேஸ்ட் காயவில்லை, ஈரமாகவே இருந்தது.

பிறகுதான் காரணம் விளங்கியது. சில்லு சூடாகும்போது சிறிது வளையும், ஆறும்போது பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு நாளில் இது எத்தனையோ தரம் நடக்கிறது. ஒவ்வொரு அசைவும் இடையில் இருக்கும் பேஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறது. உலோக மூடி உள்ள மேசைக் கணனியில் இந்தத் தொல்லை குறைவு; அங்கே பேர் பெற்ற பேஸ்ட் இங்கே மூன்று மாதத்தில் வழிந்து விடுவதற்கு இதுவே காரணம்.

இப்போது ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 என்ற தாளைப் பாவிக்கிறேன். அறை வெப்பநிலையில் மெழுகுத் தாள் போல இருக்கும். 45 பாகை அளவில் இளகி, சில்லுக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையில் மெல்லிய படலமாகப் பரவும். ஆறினால் மீண்டும் இறுகும். அதனால் வெளியே வழிந்து போவது மிகக் குறைவு. பூசிய அன்றைக்கே முழுப் பலனைக் காட்டாது. சில தடவை நன்றாகச் சூடேறி ஆறிய பின்னரே சரியாகப் படியும். ஒரு வருடம் கடந்தும் 81, 82 பாகையில் நிற்கிறது. தாளின் இரண்டு பக்கத்திலும் உள்ள மெல்லிய உறையை உரிப்பதற்கு முன்னர் சிறிது நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கிழியாமல் உரியும். இதைப் பெயரை மட்டும் போட்டுப் போலியாக விற்பவர்களும் உண்டு. மிகவும் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுவது நல்லது.

#10 இளந்தளிர்23

பேஸ்டுக்குப் பதிலாக வைக்கும் திரவ உலோகம் பற்றி யாரும் சொல்லவில்லையே? அதன் கடத்துதிறன் 73 என்று போட்டிருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5இல்கூட அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

#11 ஈயப்பற்று

தம்பி, 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல் அது இருப்பது உண்மை. ஆனால் அது வெளியே ஒழுகாமல் தடுக்கும் அமைப்போடு சேர்த்தே அந்தக் கருவி வடிவமைக்கப்பட்டது. நம் மடிக்கணினியில் அப்படி எதுவும் இல்லை. இந்தக் கலவையின் முக்கியப் பகுதி காலியம் என்ற உலோகம். அலுமினியத்தின் மேல் ஒரு சொட்டு பட்டாலும் அது உள்ளே ஊடுருவி, உலோகத்தையே அப்பளம் போல நொறுங்கச் செய்துவிடும். தவிர, அது மின்சாரத்தையும் கடத்தும். சில்லைச் சுற்றிலும் கடுகளவு மின்தேக்கிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு துளி அங்கே உருண்டால் மதர்போர்டே போய்விடும். நெல்லைச்சீமைக்கு இதனால் கிடைப்பது ஒரு டிகிரி. ஒரு டிகிரிக்காக இவ்வளவு துணிய வேண்டியதில்லை.

#12 நெல்லைச்சீமை

விசிறியை மட்டும் சுத்தம் செய்தேன். பஞ்சுநகரம் நண்பர் சொன்ன அதே கம்பளித் திரை எனக்கும் கிடைத்தது. பஞ்சாலை இல்லாத ஊரில் இவ்வளவு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மெத்தையின் மேல் வைத்து வேலை செய்யும் பழக்கம் எனக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அறை 32 டிகிரி. 20 நிமிடச் சோதனை. ப்ராசஸர் 90 டிகிரி. மின்சாரம் 15 வாட். வகுத்தால் ஒரு வாட்டுக்கு 3.9 டிகிரி. திரையில் தெரியும் வெப்பநிலையை மட்டும் பார்த்திருந்தால் 7 டிகிரிதான் குறைந்தது என்று சலித்துக்கொண்டிருப்பேன். உண்மையில் கணினி முன்பைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலான மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப வேகமாகவும் ஓடுகிறது.

இனி ஞாயிற்றுக்கிழமை பேஸ்ட். செய்முறையில் எங்கே தவறுவார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

#13 ஈயப்பற்று

முதலில் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு முழுமையாக அணைத்துவிடுங்கள். இளஞ்சூட்டில் பழைய பேஸ்ட் எளிதாக விடும். அடிமூடியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. கம்பியைப் பிடித்து இழுக்காமல், இணைப்பின் தலையை நகத்தாலோ பிளாஸ்டிக் துண்டாலோ நெம்ப வேண்டும். பேட்டரி உப்பியிருப்பது கண்ணில் பட்டால் அதோடு வேலையை நிறுத்திவிட்டு, முதலில் அதை மாற்றுங்கள்.

ஹீட் சிங்கின், அதாவது செப்புத் தகடும் குழாயும் சேர்ந்த பகுதியின், திருகுகளுக்கு அருகில் 1, 2, 3, 4 என்று எண்கள் பொறித்திருக்கும். கழற்றும்போது 4இலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து வெறும் சில்லின் மூலையைச் சிதைத்துவிடக்கூடும். தகடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் மேல்நோக்கி இழுக்காதீர்கள். இடவலமாக மெல்ல அசைத்தால் விட்டுவிடும். செப்புக் குழாயைக் கைப்பிடியாகப் பயன்படுத்தவே கூடாது. அது திடமான கம்பி அல்ல; உள்ளே காற்றை நீக்கிச் சிறிதளவு நீர்மம் அடைத்த வெற்றுக் குழாய். வளைந்தாலோ நசுங்கினாலோ உள்ளே ஆவியும் நீர்மமும் சுற்றி வருவது தடைப்படும். அதன் பிறகு எந்த பேஸ்டாலும் பயனில்லை.

துடைப்பதற்கு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருக்களில் கிடைக்கும். கைச் சுத்திகரிப்பானில் கிளிசரின் கலந்திருப்பதால் அது படலத்தை விட்டுச் செல்லும், வேண்டாம். நூல் உதிராத துணியால் பளபளவென்று முகம் தெரியும் அளவுக்குத் துடைத்துவிடுங்கள்.

பேஸ்டின் அளவைப் பற்றி ஊரெல்லாம் சண்டை போடுகிறார்கள். மூடி இல்லாத சில்லுக்கு நான் செய்வது, விபூதி பூசுவது போல மேற்பரப்பு முழுவதும் மெல்லிய படலமாகப் பரப்பிவிடுவதே, மூலைகள் விட்டுப்போகாது. மின்சாரம் கடத்தாத பேஸ்டாக இருந்தால் சிறிது கூடிவிட்டாலும் அழுத்தத்தில் ஓரத்துக்கு வந்துவிடும், கெடுதல் இல்லை; குறைந்துவிட்டால்தான் ஆபத்து. மூடும்போது 1இலிருந்து 4 வரை, மறுபடி அரைச் சுற்று, அரைச் சுற்றாக.

#14 அகல்விளக்கு

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் பட்டதைப் பார்த்தாவது மற்றவர்கள் தப்பட்டும். என் கணினியில் நினைவகச் சில்லுகளின் மேல் ரப்பர் போன்ற வெப்பத் திண்டுகள் இருந்தன. பழசாகிக் கிழிந்திருந்ததால் புதியவை வாங்கி வைத்தேன். பழையது 0.5 மில்லிமீட்டர்; கடையில் இருந்தது 1 மில்லிமீட்டர். தடிமன் கூடினால் இன்னும் நன்றாக ஒட்டும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். மூடி ஓடவிட்ட சில நொடிகளில் ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டு, கணினி அணைந்துவிட்டது.

அந்த அரை மில்லிமீட்டர்தான் செப்புத் தகட்டைத் தூக்கி நிறுத்தி, ப்ராசஸரைத் தொடவிடாமல் செய்திருந்தது. திறந்து பார்த்தபோது சில்லின் மேல் பூசிய பேஸ்டில் தகட்டின் தடமே பதியவில்லை. திண்டுகள் கிழியாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதை அழுந்தாத இடத்தில் அளந்து, அதே தடிமனில் வாங்குங்கள். மூடிய பிறகு ஒருமுறை திறந்து, தடம் சில்லின் முழுப் பரப்பிலும் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் வீண் வேலை அல்ல. கொஞ்சம் பேஸ்ட் செலவாகும், அவ்வளவுதான்.

#15 நெல்லைச்சீமை

ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டேன். அகல்விளக்கு அம்மா எச்சரித்ததால் திண்டுகளைத் தொடவே இல்லை. பழைய பேஸ்ட் நடுவில் சுண்ணாம்புக் காரை போல வெடித்திருந்தது. ஒரு மூலையில் சில்லு வெறுமையாகத் தெரிந்தது. நடுத்தர விலையில், சற்றுக் கெட்டியான பேஸ்டையே பூசினேன். பேட்டரி இணைப்பை மறுபடி மாட்ட மறந்து மூடிவிட்டு, கணினி உயிர் பெறவில்லையே என்று ஐந்து நிமிடம் வியர்த்துப்போனதையும் சொல்லிவிடுகிறேன்.

அறை 33 டிகிரி, ப்ராசஸர் 78, மின்சாரம் 15 வாட். ஒரு வாட்டுக்கு 3 டிகிரி. அதாவது 5.8இலிருந்து 3.9க்கு வந்தது தூசியை எடுத்ததால், 3.9இலிருந்து 3க்கு வந்தது பேஸ்டால். பேஸ்டைப் பற்றிக் கேட்க வந்த எனக்குத் தூசிதான் இரண்டு பங்கு பதிலைச் சொல்லியிருக்கிறது.

#16 விசைப்பலகை

கணக்கைப் பார்த்த பிறகு நானும் என் விசிறியைத் திறந்தேன். பேஸ்ட் மாற்றிய அன்று இழைத் தகடுகளையும் சேர்த்தே துடைத்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த 9 டிகிரியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

#17 நெல்லைச்சீமை

நான்கு மாதம் கழித்து மறுபடி அளந்தேன். அறை 31 டிகிரி, ப்ராசஸர் 77, மின்சாரம் 15 வாட். ஒரு வாட்டுக்கு 3.1. வலிகாமத்தான் அண்ணன் சொன்னது போல பேஸ்ட் வழியத் தொடங்கியிருக்கிறதா, அல்லது இதெல்லாம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடுமா?

#18 ஈயப்பற்று

ஒரு டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் இந்த எண் 0.07 அளவு மாறும். அறை வெப்பமானியே அவ்வளவு பிழை காட்டும். இப்போது திறக்க வேண்டாம். 3.6க்கு மேல் போனால் முதலில் விசிறியைப் பாருங்கள். அதற்குப் பிறகும் இறங்காவிட்டால் பேஸ்டைப் பார்க்கலாம். மீதமிருக்கும் பேஸ்ட் குழாயை மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.